கேட்டுக்கு வெளியே பன்னிரண்டு படங்கள்

அத்தியாயம் 14

பழி வாங்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையை விட நல்ல நேரம் கிடையாது. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். குளித்து முடித்திருப்பார்கள். வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கி வர ஒரு சாக்குதான் வேண்டும்.

உமாமகேஸ்வரி இதையெல்லாம் யோசித்துத்தான் நாள் குறித்திருந்தாள். பம்பாய் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஸ்ரீகிருபா சொஸைட்டியின் மதிலை ஒட்டிய நடைபாதையில், காலை ஏழு மணிக்கே மூங்கில் கழிகளை நட்டுச் சுத்தலிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை சிவந்து போயிருந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

சொஸைட்டி செகரட்டரி வைத்தீஸ்வரன் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதோடு போன வாரம் அவளை விட்டு வந்தோம். 'சைவமே ஜீவகாருண்யம் - தெருவோரப் படக்காட்சி' என்ற தலைப்பைப் பார்த்ததுமே மனுஷர் குளிர்ந்து போய்விட்டார். மேஜை தருகிறேன், மின்சாரம் தருகிறேன், நானே திறந்து வைக்கிறேன் என்று ஒன்றொன்றாக அவரே அள்ளிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்துக்காக எதிரே நின்ற பெண் இரண்டு வருஷம் காத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அவள் முகமே அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு அவர் பார்த்தது அவள் அம்மாவின் கையை மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவள் அண்ணன் ராஜசேகர் ஒரு வீட்டைப் பேசி முடித்திருந்தான். தாராவியில் கருவாட்டுக் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பிச்சம்மாள், இனியாவது ஜன்னல் வைத்த சமையலறையில் நின்று சமைக்கட்டும் என்று அவனுக்கு ஆசை. சொஸைட்டி சம்மதிக்க வேண்டும் என்றார்கள். செகரட்டரி வீட்டு ஹாலில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. பிச்சம்மாளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"கையைக் கொஞ்சம் நீட்டுங்கோ" என்றார் வைத்தீஸ்வரன்.

எலுமிச்சம்பழம் தேய்த்து மூன்று தடவை கழுவிக்கொண்டு வந்த கை அது. அவர் குனிந்து மோந்து பார்த்தார். பத்துப் பேர் முன்னால், காய்கறிக் கடையில் கத்தரிக்காயை மோந்து பார்ப்பதுபோல் மோந்தார்.

"மன்னிச்சுக்கோங்கோ. இந்த வாடை ஏழு ஜன்மத்துக்கும் போகாது."

யாரோ சிரித்தார்கள். பிச்சம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து வெளியாள் யார் எதிரே வந்தாலும் அவள் கைகள் முந்தானைக்குள் போய்விடுகின்றன. வீட்டைப் பற்றிப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. உமாவுக்குத்தான் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் இந்த வீகன் விவகாரம். கறி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய்யும் கூடாது என்கிற கூட்டத்தில் அவள் சேர்ந்தபோது மனசில் ஜீவகாருண்யம் ஒன்றும் ஊற்றெடுக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவோம். 'உன்னை விட நான் ஒரு படி மேலே' என்று ஒரு நாள் அந்த மனுஷர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்ற வெறிதான் இருந்தது. பிறகு நேரில் சிலவற்றைப் பார்த்தபோது, வெறியோடு கூட உண்மையான வேதனையும் வந்து சேர்ந்துகொண்டது. எது எவ்வளவு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

"பதினொண்ணாவது படத்தை இங்க மாட்டணுமா? பன்னிரண்டு பக்கத்துலயேவா?" என்று கேட்டான் சாய்நாத். திலக் நகர்ப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். இந்தக் கூட்டத்துக்குத் தலைவன்.

"அங்கதான். அந்தப் படத்துக்கு முன்னாடி அவர் கண்டிப்பா நிப்பாரு."

"இந்தக் கை யாரோடது உமா? சூப்பர் ஷாட்."

"ஏதோ மார்க்கெட்ல எடுத்தது" என்றாள் உமா, அவன் பக்கம் திரும்பாமலே.

படத்தில் முகம் கிடையாது. உப்புப் படிந்த இரண்டு கைகள் மட்டும். ஒரு கை அரிவாள்மணையில் நெய்மீன் கருவாட்டைப் பிடித்திருந்தது. மறு கையின் பெருவிரலில் நகம் நடுவே பிளந்து கறுத்திருந்தது. அந்த நகம் எப்போது பிளந்தது என்று உமாவுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடி வந்து, அவசரத்தில் அம்மா வெட்டிக்கொண்டது.

தூண்டிலில் புழு வைக்காமல் மீன் சிக்காது. அம்மாவுக்கு இங்கே என்ன வேலை, இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாளே என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பன்னிரண்டாம் படத்தின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, நான்கு மூலையிலும் கிளிப் போட்டாள்.

எட்டரை மணிக்கு வைத்தீஸ்வரன் வந்துவிட்டார். மயில்கண் வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பின்னாலேயே அவர் மனைவி ஷ்யாமளா ஒரு தட்டு நிறைய காபி டம்ளர்களோடு வந்தாள்.

"பேஷ், பேஷ்! கார்த்தாலயே கல்யாண வீடு மாதிரி ஆக்கிட்டியேம்மா. முதல்ல காபி சாப்பிடு. நம்ம பில்டிங் பாலு, எருமைப் பாலு. பாக்கெட் சமாசாரமே நம்மகிட்ட கிடையாது. பையா தபேலாவிலேர்ந்து கேன்ல கொண்டு வரான். கறந்த சூடு ஆறியிருக்காது."

பையா என்றால் வடக்கத்திப் பால்காரன், தபேலா என்றால் எருமைக் கொட்டகை. பம்பாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"நான் பால் சாப்பிடறதில்ல சார்."

"பாலே கிடையாதா? தயிர்?"

"தயிர், நெய் எதுவும் கிடையாது."

"அடேயப்பா! அப்போ நீ எங்களை விட ஒரு படி மேலேன்னு சொல்லு!" என்று கடகடவென்று சிரித்தார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இரண்டு வருஷம் டீயில்லாமல் கிடந்திருக்கிறாள். கேட்டபோது தேன் குடித்தாற்போல்தான் இருந்தது. ஆனால் பசி அடங்கவில்லை. ஷ்யாமளா மட்டும் தட்டைப் பிடித்தபடி உமாவின் முகத்தையே ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

ஒன்பதரைக்குள் கட்டடமே கீழே இறங்கிவிட்டது. கூண்டில் அடைத்த கோழிகள், லாரியில் நெருக்கி ஏற்றிய ஆடுகள், வலையில் துள்ளும் மீன்கள். ஒவ்வொரு படத்துக்கும் "ஐயோ பாவம்" என்ற சத்தம் வரிசையாக எழுந்தது. அந்தப் பாவத்தில் தங்களுக்குப் பங்கில்லை என்ற நிம்மதி அதில் நன்றாகக் கேட்டது. உமா நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏட்டி உமா!"

தெருமுனையிலிருந்து பிச்சம்மாள் வந்துகொண்டிருந்தாள். அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, வேகுவேகென்ற நடை. கைகள் முந்தானைக்குள்.

"அம்மா! நீ ஏன் வந்த?"

"ஒங்க அண்ணன் சொன்னான். நீ இந்தக் கட்டடத்து முன்னாடி என்னமோ படம் காட்டப் போறியாம், அந்தச் செகரட்டரி நாக்கப் புடுங்கிட்டு நிக்கப் போறானாம். அத நான் பாக்காண்டாமா?"

"கடைய யாரு பாக்கா?"

"பக்கத்துக் கடை ராபியாட்ட சொல்லிட்டு வந்துட்டேன். இத்தன வருசத்துல ஒரு ஞாயித்துக்கெழம கடைய விட்டு வந்திருக்கேன்னா பாத்துக்க." பிச்சம்மாளின் கண் மின்னியது. "மறந்துட்டேன்னு நெனச்சியோ? நான் தெனமும் கருவாடு நறுக்கும்போது அவன் மூக்கத்தான் நெனச்சுக்கிடுவேன்."

உமா அம்மாவை இப்படிப் பார்த்ததே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். "சரி, நீ இங்க நில்லு. முதல் படத்துக்கிட்டயே நில்லு. ப்ளீஸ் அம்மா, அந்தக் கடைசிப் பக்கம் வராத. கூட்டம் ஜாஸ்தி."

"கூட்டத்துல நிக்காம பெறகு எங்ஙன நின்னு பாக்க?"

அதற்குள் சாய்நாத் கூப்பிட்டுவிட்டான். வைத்தீஸ்வரன் பத்தாம் படத்தைத் தாண்டிவிட்டார்.

அவள் நினைத்தது தப்பவில்லை. பதினோராம் படத்தின் முன்னால் அவர் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்தார். அவரோடு அறுபது பேர் நின்றார்கள்.

"ஆஹா! எல்லாரும் நன்னா பாருங்கோ. இந்த மாதிரி ஒரு ஜோடிக் கை நம்மாத்து ஹாலுக்கே வந்துது, ஞாபகம் இருக்கோ? ரெண்டாம் மாடிக்குக் குடி வரணுமாம்! நான் மோந்து பார்த்தேன். மூணு நாள் எனக்குச் சாதம் இறங்கலை. அன்னிக்கு நான் மட்டும் தாட்சண்யம் பார்த்திருந்தா, இன்னிக்கு நம்ம படியெல்லாம் இந்த நாத்தம்தான் அடிச்சிண்டிருக்கும்."

சிரித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே சிரிப்பு.

உமா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் அம்மா எங்கே நிற்கிறாள் என்று தெரிந்திருக்கும்.

"சார், அடுத்த படத்தை நீங்கதான் திறந்து வைக்கணும்" என்றாள். தன் குரல் அத்தனை இனிமையாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"திறந்துட்டாப் போச்சு!" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தார் வைத்தீஸ்வரன்.

சிரிப்பு பாதியில் நின்றது.

படத்தில் ஓர் எருமை நின்றது. அதன் மடியில் ஒருவன் பால் கறந்துகொண்டிருந்தான். எருமையின் முகத்துக்கு எதிரே, நான்கு குச்சிகள் மேல் ஒரு கன்றுக்குட்டி. கண் இருந்த இடத்தில் ஓட்டை. வயிற்றுத் தையல் பிரிந்து வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எருமை அதை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நக்கி நக்கித் தலையில் முடி போய்த் தோல் பளபளத்தது.

"என்ன இது? பொம்மையா?" என்றாள் ஓர் அம்மாள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

"கன்னுக்குட்டிதான் மாமி. கடாக்கன்னு. பால் தராதுன்னு அதுக்குப் பாலே விடல. நாலாம் நாள் செத்துப் போச்சு. கன்னு முகம் பார்க்காம எருமை பால் இறக்காது. அதனால தோலை உரிச்சு, வைக்கோல் திணிச்சு, தெனம் ரெண்டு வேளையும் அது முன்னாடி நிறுத்தறாங்க. நான் போய் என் கண்ணால பார்த்து எடுத்த படம்."

"எந்த ஊர்ல நடக்கறது இந்த அக்கிரமம்?" என்று அதட்டினார் வைத்தீஸ்வரன்.

"கறக்கறவர் பக்கத்துல கேன் இருக்கு பாருங்க சார். மேல எழுதியிருக்கறதை வாசிங்க."

அவர் வாசிக்கவில்லை. வேண்டிய அவசியமும் இல்லை. நீலப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் 'ஸ்ரீகிருபா' என்று இருந்தது. அதே கேன் கேட்டுக்கு உள்ளே, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில், காலி செய்து கவிழ்த்து வைத்திருந்தது. அறுபது பேரும் ஒரு தடவை படத்தைப் பார்த்தார்கள், ஒரு தடவை கேனைப் பார்த்தார்கள்.

"பொய்! கிராஃபிக்ஸ்! யாருடி நீ?" அவர் மீசையில் காபி நுரை ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க மோந்து பார்த்த கையோட பொண்ணு."

இரண்டு வருஷம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய வசனம். சொல்லி முடித்தபோது அவள் காது இரண்டும் ஜிவ்வென்று சூடேறியது. அந்த அம்மாள் டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். ஒருத்தர் பின் ஒருத்தராக டம்ளர்கள் மதில்மேல் ஏறின. வைத்தீஸ்வரன் கையில் மட்டும் டம்ளர் இருந்தது. வைக்கவும் தெரியாமல் குடிக்கவும் முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆயிரம் வருஷம் தவம் கிடந்தாலும் இந்தக் கோலம் கிடைக்குமா! உமா கண் குளிரப் பார்த்தாள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிச்சம்மாள் முன்னால் வந்தாள். பன்னிரண்டாம் படத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தாள்.

"ஐயா, நாங்க மீனக் கொன்னுதான் திங்கோம். இல்லேன்னு சொல்லல. ஆனா செத்ததோட அத விட்டுருவோம். நீங்க செத்த பெறவும் வேல வாங்குதியளே."

நீட்டிய கைகள் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"இப்பம் மோந்து பாருங்க."

வைத்தீஸ்வரன் இரண்டடி பின்னால் போனார். டம்ளர் சாய்ந்து மயில்கண் வேட்டியெல்லாம் காபி. கூட்டத்தில் ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது. அதன் அம்மா அதை அடக்கவில்லை. "வாட்ச்மேன்! கேட் பந்த் கரோ! இந்தக் கும்பல்ல ஒருத்தரையும் உள்ளே விடாதே! பிளக்கைப் பிடுங்கு!" என்று கத்திக்கொண்டே மனுஷர் உள்ளே நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஜெயித்துவிட்டோம்! உமா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாம்மா? பாத்தியா அவன் மூஞ்சிய?"

பிச்சம்மாள் பதினோராம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருந்த பெருவிரலையும் தன் பெருவிரலையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அடியில் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியாது. படிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"இத யாரு எடுத்தா?"

உமா அம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"போன பொங்கலுக்கு முந்தின வாரம் கடையில வச்சு எடுத்த. 'சும்மா, போனுக்கு'ன்னு சொன்ன. நானும் சேலையச் சரி பண்ணிட்டு ஒக்காந்தேன். மூஞ்சி வரல போல."

"அம்மா, அவர் நிக்கணும்ல... அவர் வாயால சொல்லணும்னுதான்... ஒனக்காகத்தான்மா செஞ்சேன்."

"எனக்காகவா?" பிச்சம்மாள் குரலை உயர்த்தவில்லை. "வீட்டுல ஒனக்குத் தனி அடுப்பு, தனி அலமாரி. என் சட்டி அதுல பட்டுட்டா ரெண்டு தடவ வெளக்குத. படிச்ச புள்ள, ஏதோ கொள்கைன்னு இருந்தேன். அந்த மனுசன் என் கைய வாசல்ல நிப்பாட்டுனான். நீ தெருவுல மாட்டிட்ட."

"அம்மா..."

"அவன் மோந்து பாத்தப்போ பத்துப் பேரு சிரிச்சான். இன்னைக்கு எத்தன பேரு சிரிச்சான்? நான் பின்னாடிதான் நின்னேன்."

அவள் சுத்தலியைப் பல்லால் கடித்து அறுத்து, படத்தை இறக்கினாள். திருப்பி, கைகள் இருக்கும் பக்கம் தன் மேல் படும்படி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மாமி, ஒரு நிமிஷம்."

ஷ்யாமளா. காலித் தட்டை மதில்மேல் வைத்துவிட்டு வந்திருந்தாள். இந்த நாற்பது வருஷத்தில் கணவர் பேசும்போது அவள் குறுக்கே பேசி யாரும் கேட்டதில்லை என்று அந்தக் கட்டடத்தில் சொல்வார்கள். அவள் பிச்சம்மாளின் கையைப் பிடித்தாள். பிளந்த நகம் இருந்த கையை.

"அன்னிக்கு உங்களை உக்காருங்கோன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. இன்னிக்குச் சொல்றேன், மேலே வாங்கோ. ரெண்டாம் மாடி வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கு. ஏன் பூட்டிக் கிடக்குன்னு உங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும். இவர் சொல்ல மாட்டார்."

பிச்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பால் காப்பி தருவியளோ?"

"இனிமே எங்காத்துல அது கிடையாது."

"அப்பம் வாரேன்."

இரண்டு பேரும் கேட்டைத் தாண்டினார்கள். வாட்ச்மேன் செகரட்டரியம்மாவைத் தடுக்க முடியாமல் ஒதுங்கினான். உமா பின்னாலேயே ஓடினாள். அவன் கம்பியைக் குறுக்கே போட்டான்.

"ஆப் நஹீ, மேடம். சாப் கா ஆர்டர்."

"அது என் அம்மா!"

"ஆர்டர் ஹை."

உமா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா! என்னையும் விடச் சொல்லும்மா!"

மாடிப்படியில் கால் வைத்த பிச்சம்மாள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ அங்ஙனயே நில்லு, ஏட்டி. எப்படி இருக்குன்னு பாரு."